கல்லூரி விளையாட்டும் கல்வியும்: சிக்காகோ கண்ட அனுபவம்

1939 ஆம் ஆண்டு டிசெம்பர் 21 ஆந் திகதி, சிக்காகோப் பல்கலைக்கழகத்தின் நம்பிக்கைப் பொறுப்பாளர் சபை கூடி, கல்லூரிகளுக்கிடையே நடைபெறும் உதைபந்தாட்டப் போட்டிகளிலிருந்து தன் பல்கலைக்கழகம் விலகிக்கொள்ளும் என்று தீர்மானித்தது. நத்தார் விடுமுறைக் காலம் அது. நாற்பத்தேழு ஆண்டுகளாக அப்பல்கலைக்கழகத்தின் பெயரோடு ஒட்டி வளர்ந்த ஆட்டம் ஒன்று, ஒரு கூட்டத்தின் தீர்மானத்தோடு அற்றுப்போயிற்று. அமெரிக்காவின் பெரிய பல்கலைக்கழகங்களுள் எதுவும் அதற்குமுன் அத்துணைத் துணிவான செயலொன்றைச் செய்ததில்லை என்று பலர் வியந்தனர். தோல்விக்கு அஞ்சி ஓடிய கோழைத்தனம் என்று வேறு சிலர் இகழ்ந்தனர். இரு சாராரும் கூறியவற்றில் உண்மை உண்டு.

அமெரிக்கர் உதைபந்தாட்டம் என்று கூறுவது இலங்கையிலே அப்பெயரால் வழங்கும் ஆட்டம் அன்று. றக்பி ஆட்டத்தின் வழிவந்த அது, பந்தைக் கையிலேந்தி ஓடியும் எறிந்தும், எதிர்ப்படுவோனை உடல் வலியால் வீழ்த்தியும் ஆடப்படுவது. பத்தொன்பதாம் நூற்றாண்டின் பிற்பகுதியிலே யேல், ஹாவாட், பிறின்ஸ்ரன் முதலிய கீழ்க்கரைக் கல்லூரிகளில் வேரூன்றி, இலையுதிர்காலச் சனிக்கிழமைகளைத் தனதாக்கிக்கொண்டது. மாணவர் தம் பொழுதுபோக்குக்காகத் தொடங்கிய ஆட்டம் எவ்வாறு கல்லூரியின் வரவுசெலவுக் கணக்கிலே ஏறிற்று என்பதையும், ஏறியபின் மாணவனின் படிப்பு நேரம் யாருடைய கைக்கு மாறிற்று என்பதையும் அறிவதற்குச் சிக்காகோவின் வரலாற்றிலும் சிறந்த சான்று வேறில்லை.

றொக்பெல்லரின் பெருஞ்செல்வத்தைத் துணையாகக் கொண்டு எழுந்த அப்பல்கலைக்கழகம் 1892 ஒக்ரோபரிலே வகுப்புக்களைத் தொடங்கியது. அதன் முதல் தலைவர் வில்லியம் றெயினி ஹாப்பர் ஹீபுரு மொழிப் பேரறிஞர். ஏனைய கல்லூரிகளுக்கு நூறு, இருநூறு ஆண்டுப் பழமை இருக்க, தமது கல்லூரிக்கு நேற்றைய வரலாறுகூட இல்லை என்பதை அவர் நன்குணர்ந்திருந்தார். பேராசிரியர்களைத் திரட்டிய அதே வேகத்திலே அவர் விளையாட்டுத்துறைக்கும் ஒருவரைத் தேடினார். யேலிலே தம்மிடம் வேதாகமம் பயின்ற அமோஸ் அலோன்சோ ஸ்ராக் என்னும் இளைஞரே அவர் கண்ணிற் பட்டார். சமயப் போதகராக வேண்டுமென்று படிக்க வந்து, உதைபந்தாட்டத்திலும் பேஸ்போலிலும் பெயர்பெற்றவர் ஸ்ராக். அவருக்குத் துணைப் பேராசிரியர் பதவியும் நிரந்தர உரிமையும் வழங்கப்பட்டன. விளையாட்டுப் பயிற்றுநர் ஒருவர் பேராசிரியர் குழாத்திலே ஒருவராக அமர்ந்தது அக்காலத்துக்குப் புதுமை. இதனை ஹாப்பர் நல்லெண்ணத்துடனேயே செய்தார் எனலாம். ஆட்டம் கல்வியின் ஓர் உறுப்பாயின் அதனைக் கற்பிப்போனும் ஆசிரியனாகத்தானே இருத்தல் வேண்டும்? ஆயின், விளைவு வேறாயிற்று. எவராலும் எளிதில் அசைக்கவொண்ணாத தனியரசு ஒன்று பல்கலைக்கழகத்தினுள்ளே நிறுவப்பட்டது.

முதல் ஆண்டிலே ஆட்டக்காரர் போதாமையால் ஸ்ராக் தாமே அணியில் இறங்கி ஆடினார். இரண்டாண்டு கழிந்து, 1894 டிசெம்பரிலே, அவ்வணி கண்டத்தைக் கடந்து கலிபோர்ணியாவுக்குச் சென்று ஸ்ரான்போட் அணியுடன் பொருதியது. புகைவண்டியிலே கழிந்த அந்நாட்களில் மாணவர் எத்தனை பக்கம் படித்திருப்பர் என்று எவரும் கேட்டதாகத் தெரியவில்லை. பெரும் வணிகர் மார்ஷல் பீல்ட் அளித்த நிலத்தில் ஆடிடம் அமைந்தது. முதலில் அவர் பெயராலும், 1913க்குப் பின் ஸ்ராக்கின் பெயராலும் அது வழங்கலாயிற்று. நுழைவுக் கட்டணம் வந்தது. செய்தித்தாள்கள் வந்தன. பழைய மாணவர் என்று சொல்லத்தக்கோர் அதிகம் இல்லாத பல்கலைக்கழகத்துக்கு நகரமக்களே பழைய மாணவர்போலத் திரண்டு வந்தனர்.

இச்செழிப்பின் விலையை வோல்ற்றர் எக்கர்சோல் என்னும் ஆட்டக்காரரின் வாழ்க்கையிலே காணலாம். சிக்காகோ நகரின் ஹைட் பார்க் உயர்தரப் பாடசாலையிலிருந்து வந்த அவர் 1903 முதல் 1906 வரை அணியின் உயிர்நாடியாக விளங்கினார். உருவிற் சிறியவராயினும் ஓட்டத்திலும் உதையிலும் ஒப்பற்றவர். 1905 நவம்பர் 30 ஆந் திகதி, ஐம்பத்தாறு ஆட்டங்களில் தோல்வியே காணாது வந்த மிச்சிகன் அணியைச் சிக்காகோ 2க்கு 0 என்ற கணக்கில் வீழ்த்திய நாளிலே நகரம் முழுவதும் அவர் பெயரையே சொல்லிற்று. அம்மாதத்திலேதான் 'கொலியேர்ஸ்' என்னும் வாரப் பத்திரிகை, மேற்குப் பகுதிக் கல்லூரிகள் வெற்றியை விலைகொடுத்து வாங்குவதைப் பற்றித் தொடர் கட்டுரைகளை வெளியிட்டு வந்தது. எக்கர்சோல் போதிய தகுதிப் பாடங்களின்றியே பல்கலைக்கழகத்தில் அனுமதிக்கப்பட்டார் என்பது அதன் குற்றச்சாட்டுக்களுள் ஒன்று. ஆடத்தக்க ஆண்டுகள் முடிவுற்றன. எக்கர்சோல் பட்டம் பெறாமலே வெளியேறினார். பின்னர் 'சிக்காகோ ற்றிபியூன்' பத்திரிகையின் விளையாட்டு எழுத்தாளராகப் புகழ்பெற்றார் என்பது உண்மையே. எனினும், நான்கு பருவங்கள் அவருடைய உழைப்பினால் புகழும் பொருளும் கண்ட கல்விக்கூடம், தான் தரவேண்டிய ஒன்றை மாத்திரம் அவருக்குத் தரவில்லை. சோம்பலினால் படிப்பைக் கைவிட்டார் என்று அவர்மேற் பழிசுமத்துதல் எளிது. பிற்பகல் முழுவதும் பயிற்சியும், வெளியூர்ப் பயணமும், காயத்தின் நோவும் ஒருங்கே வந்து சூழ்ந்த மாணவனுக்கு, இரவிலே விளக்கின்முன் அமர்வதற்கு எஞ்சியிருக்கும் வலிமை எவ்வளவு என்பதையும் எண்ணிப் பார்த்தல் வேண்டும்.

1905 ஆம் ஆண்டு வேறொரு காரணத்தாலும் நினைவிற் கொள்ளத்தக்கது. ஆட்டத்தின் கொடுமையால் இளைஞர் பலர் உயிரிழந்ததைக் கண்டு, குடியரசுத் தலைவர் தியோடோர் றூஸ்வெல்ற் ஒக்ரோபர் 9 ஆந் திகதி ஹாவாட், யேல், பிறின்ஸ்ரன் கல்லூரிப் பிரதிநிதிகளை வெள்ளை மாளிகைக்கு அழைத்துப் பேசினார். அவ்வாண்டு இறுதியிலே நியூயோர்க்கிற் கூடிய கல்லூரிகள் ஒரு சங்கத்தை நிறுவின. 1910 இல் தேசியக் கல்லூரி மெய்வல்லுநர் சங்கம் எனப் பெயர்மாறியது அதுவே. பந்தை முன்னோக்கி எறிதல் 1906 இல் அனுமதிக்கப்பட்டமையால் ஆட்டத்தின் நெரிசலும் ஓரளவு தணிந்தது. சிக்காகோ உள்ளிட்ட மேற்குக் கல்லூரிகளோ இன்னும் ஒருபடி மேற்சென்றன. 1906 சனவரியிலே கூடிய அவற்றின் பேராசிரியர்கள், முதலாண்டு மாணவர் ஆடலாகாது, எவரும் மூன்று ஆண்டுகளுக்குமேல் ஆடலாகாது, ஒரு பருவத்திலே ஐந்து ஆட்டங்களே போதும் என்று விதித்தனர். முதலாண்டிலே மாணவன் முதலில் மாணவனாகட்டும் என்பது அவர்கள் கருத்து. அதே மாதத்தில் ஹாப்பர் காலமானார்.

விதிகள் நல்லவை, ஆனால் பணம் விதிகளை விட வேகமாக வளர்ந்தது. முதலாம் உலகப் போருக்குப் பின் ஐம்பதினாயிரம், எண்பதினாயிரம் பேர் இருக்கத்தக்க அரங்குகள் நாடெங்கும் எழுந்தன. கடன்பட்டுக் கட்டிய அரங்கு கடன் தீரும்வரை நிரம்பியாக வேண்டும். நிரம்புவதற்கு அணி வெல்ல வேண்டும். வெல்வதற்கு வலிய இளைஞரைத் தேடிப் பிடிக்க வேண்டும். 1929 ஒக்ரோபரிலே கார்ணகி நிறுவனம் வெளியிட்ட பேரறிக்கை இச்சங்கிலியைக் கண்ணி கண்ணியாக விளக்கியது. ஹவாட் சவேஜ் என்பவரின் தலைமையில் தயாரான அவ்வறிக்கை, ஆராயப்பட்ட 112 கல்லூரிகளுள் 81 இல் ஆட்டக்காரருக்கு ஏதோவொரு வகையிலே பொருளுதவி வழங்கப்பட்டதாகக் கூறிற்று. அறிக்கை வந்த அதே வாரத்தில் நியூயோர்க் பங்குச் சந்தை சரிந்தது. நாட்டுக்கு வேறு கவலை வந்துவிட்டது.

அவ்வாண்டிலேயே, முப்பது வயதே நிரம்பிய றொபேட் மேனாட் ஹச்சின்ஸ் சிக்காகோப் பல்கலைக்கழகத்தின் தலைவரானார். பழம்பெரு நூல்களையும் தருக்கத்தையும் போற்றியவர், உடற்பயிற்சியில் நாட்டமில்லாதவர். 1931 இல் அவர் காலத்தே நடைமுறைக்கு வந்த புதிய திட்டத்தின்படி மாணவர் வகுப்புக்கு ஒழுங்காக வரவேண்டிய கட்டாயம் நீங்கிற்று. ஆயின், தத்தம் ஆசிரியர் இடும் புள்ளியும் நீங்கிற்று. தனியானதொரு பரீட்சைச் சபை நடத்தும் பொதுப் பரீட்சையிலே தேறியாக வேண்டும். இம்மாற்றம் ஆட்டக்காரனுக்குச் சலுகைபோலத் தோன்றினும், உண்மையில் அவனுடைய பழைய புகலிடத்தை அடைத்துவிட்டது. உதைபந்தாட்டப் பிரியரான ஆசிரியர் ஒருவர் இரக்கங்கொண்டு புள்ளியிடும் வழி இனி இல்லை. பிற பல்கலைக்கழகங்கள் சிலவற்றிலே ஆட்டக்காரருக்கு அடைக்கலமாயிருந்த உடற்கல்விப் பட்டநெறியும் சிக்காகோவில் இல்லை. ஸ்ராக் எழுபது வயதெய்தியதும், ஓய்வு விதியை அவருக்காகத் தளர்த்த ஹச்சின்ஸ் மறுத்தார். நாற்பத்தொரு பருவங்களைக் கண்ட முதியவர் வீட்டிலிருக்கவில்லை. கலிபோர்ணியாவுக்குச் சென்று வேறொரு கல்லூரியிலே பயிற்றுநராகத் தொடர்ந்தார். நூற்றிரண்டு வயதுவரை வாழ்ந்து 1965 இல் மறைந்தார்.

இத்தகைய கடுமையான சூழலிலேதான் ஜே பேர்வாங்கர் தோன்றினார் என்பது வியப்புக்குரியது. அயோவா மாநிலத்தின் டியூபியூக் நகரிலிருந்து வந்த அவர், கல்விக் கட்டணத்துக்கு மட்டும் உதவி பெற்று, உணவுக்கும் இருப்பிடத்துக்குமாக உணவுச்சாலையிலே பரிமாறியும் உடற்பயிற்சிக்கூடத்தைத் துப்புரவு செய்தும் உழைத்தார். 1934 இல் மிச்சிகன் அணியுடன் ஆடியபோது அவரை மறிக்க முயன்ற ஓர் எதிரணி வீரரின் கண்ணின்கீழ் ஏற்பட்ட தழும்பு கடைசிவரை மாறவில்லையாம். அந்த வீரர் பிற்காலத்திலே குடியரசுத் தலைவரான ஜெரல்ட் போட். 1935 இல் நாட்டின் தலைசிறந்த கல்லூரி ஆட்டக்காரருக்கென ஏற்படுத்தப்பட்ட, பின்னர் ஹைஸ்மன் விருது எனப் பெயர்பெற்ற வெண்கலச் சிலை முதன்முதலாகப் பேர்வாங்கருக்கே கிடைத்தது. அடுத்த ஆண்டு தொழில்முறை அணிகள் கல்லூரி வீரரைத் தெரிவுசெய்யும் முறை தொடங்கியபோது, முதலில் தெரிவானவரும் அவரே. கேட்ட ஊதியம் கிடைக்காமையால் அவர் ஆடப் போகவில்லை. பட்டத்தைப் பெற்றுக்கொண்டு இறப்பர் நுரைப் பொருட்கள் செய்யும் நிறுவனம் ஒன்றில் வேலைக்கமர்ந்தார். எக்கர்சோலையும் பேர்வாங்கரையும் அருகருகே வைத்து நோக்கின், முப்பது ஆண்டிலே சிக்காகோ அடைந்த மாற்றம் புலப்படும். ஒருவரைப் பல்கலைக்கழகம் ஆட்டத்துக்காகச் சேர்த்து, படிக்க வைக்க மறந்தது. மற்றவரை மாணவராகச் சேர்த்து, மிஞ்சிய நேரத்திலே ஆடவிட்டது.

ஆனால் பேர்வாங்கர் ஒருவரே. அணிக்கோ பதினொருவர் வேண்டும். படிப்பையும் ஆட்டத்தையும் ஒருங்கே தாங்கவல்ல அபூர்வமான ஓர் இளைஞனை ஆதாரமாகக் கொண்டு ஏற்பாடு ஒன்றை நிலைநிறுத்த முடியாது. அவர் சென்றபின் அணி தளர்ந்தது. எதிரணிகளோ பன்மடங்கு மாணவரைக் கொண்ட மாநிலப் பல்கலைக்கழகங்கள். 1938 டிசெம்பரிலே 'சற்றடே ஈவினிங் போஸ்ற்' பத்திரிகையில் ஹச்சின்ஸ் எழுதிய கட்டுரையொன்று நோயின் மூலம் நுழைவுக் கட்டணமே என்று வாதித்தது. கட்டணத்தைப் பத்துச் சதமாகக் குறைத்துவிடுங்கள். பயிற்றுநரின் பதவியை வெற்றி தோல்வியோடு பிணையாதீர்கள். பிற்கால வாழ்விலும் ஆடத்தக்க விளையாட்டுக்களை மாணவருக்குப் பழக்குங்கள் என்பன அவர் யோசனைகள். எந்தப் பல்கலைக்கழகமும் அவற்றை ஏற்றுக்கொள்ள முன்வரவில்லை.

அடுத்து வந்த 1939 ஆம் ஆண்டுப் பருவம் பரிதாபத்துக்குரியது. பெலொயிற் என்னும் சிறு கல்லூரியிடமே 6க்கு 0 என்று தோல்வி. ஹாவாட்டிடம் 61க்கு 0. மிச்சிகனிடம் 85க்கு 0. வேர்ஜினியாவிடம் 47க்கு 0. ஒஹாயோ மாநிலப் பல்கலைக்கழகத்திடம் மீண்டும் 61க்கு 0. இலினோயிடம் 46க்கு 0. வபாஷ், ஓபர்லின் என்னும் சிறு கல்லூரிகள் இரண்டை வென்றதே ஆறுதல். எட்டு ஆட்டங்களில் சிக்காகோ பெற்ற புள்ளிகள் 37, கொடுத்தவை 308. உடல் வலிமையிலே தமக்கு நிகரில்லாதவரோடு மோதவிடப்பட்ட அம்மாணவர் வாரந்தோறும் அடிபட்டு வந்து, திங்கட்கிழமை பிளேற்றோவையும் பௌதிகத்தையும் படித்தனர். ஒருவரும் பொருளுக்காக ஆடவில்லை. பயிற்றுநர் கிளார்க் ஷோனெசி திறமையற்றவரும் அல்லர். அவர் அடுத்த ஆண்டே ஸ்ரான்போட்டுக்குச் சென்று, அவ்வணியைத் தோல்வியே காணாத அணியாக்கி, 1941 புத்தாண்டு நாளிலே றோஸ் போல் கிண்ணத்தையும் வென்று கொடுத்தார். குறை எங்கே இருந்தது என்பதற்கு வேறு சான்று வேண்டியதில்லை. ஒரு பகுதியார் மாணவரைக் கொண்டும், மறுபகுதியார் ஆட்டத்துக்கெனத் திரட்டப்பட்டோரைக் கொண்டும் ஆடும் போட்டி, போட்டியாகாது.

டிசெம்பர் தீர்மானம் இவ்வாறு வந்தது. ஹச்சின்ஸ் கொண்ட கொள்கை சரியானது. எனினும் அதனைச் செயற்படுத்தக் காலந் தாழ்த்தினார் என்ற குறை அவர்மேல் நிற்கும். பேர்வாங்கர் புகழின் உச்சியில் நின்ற 1935 இல் இத்தீர்மானம் வந்திருப்பின் நாடே திரும்பிப் பார்த்திருக்கும். 85க்கு 0 என்ற தோல்வியின் பின்னே வந்தமையால், தோற்றவன் கூறும் நியாயமாகவே பலருக்கு அது பட்டது. ஏனைய விளையாட்டுக்கள் தொடர்ந்தன. 'பிக் டென்' எனப்பட்ட மேற்குக் கூட்டமைப்பிலிருந்து சிக்காகோ 1946 இல் முற்றாக விலகிற்று. சிக்காகோவைப் பின்பற்றிப் பெரும் பல்கலைக்கழகங்கள் ஆட்டத்தைக் கைவிடும் என்று எதிர்பார்த்தோர் ஏமாந்தனர்.

வெறுமையாய்க் கிடந்த அரங்குக்கு விரைவிலேயே எவரும் எண்ணாத பயன் ஒன்று வாய்த்தது. மேற்குப் பக்கத்துப் பார்வையாளர் மேடையின்கீழ் ஸ்குவொஷ் ஆடும் கூடமொன்று இருந்தது. இரண்டாம் உலகப் போரின்போது, என்றிக்கோ பெர்மியும் அவரது குழுவினரும் அக்கூடத்தினுள் காரீயக் கட்டிகளையும் யுரேனியத்தையும் ஐம்பத்தேழு அடுக்குகளாக அடுக்கினர். 1942 டிசெம்பர் 2 ஆந் திகதி பிற்பகலிலே, மனிதன் தன் கட்டுப்பாட்டில் இயக்கிய முதல் அணுக்கருத் தொடர்த்தாக்கம் அங்கே நிகழ்ந்தது. ஆட்டத்தை நிறுத்தியதால் அறிவியல் வளர்ந்தது என்று இதனைக் காட்டிப் பேசுவோர் உளர். அது மிகையான பேச்சு. இடம் காலியாயிருந்தது என்பதற்குமேல் அதிலே தொடர்பு காண்பது பொருந்தாது. அங்கு பிறந்த சக்தியினால் உலகம் அடைந்ததை நோக்கின், அதனை உதைபந்தாட்டத்தோடு ஒப்பிட்டு மகிழவும் மனம் இடந்தராது.

நாட்டின் ஏனைய பகுதிகளில் ஆட்டம் தன் வழியே சென்றது. ஹாவாட், யேல் முதலிய எட்டுக் கீழ்க்கரைக் கல்லூரிகள், ஆட்டத் திறமைக்கெனப் புலமைப் பரிசில் வழங்குவதில்லை என்று 1945 இலும் 1954 இலும் தமக்குள் உடன்பட்டன. மற்றையவற்றிற்கு, அத்தகைய பரிசிலை வெளிப்படையாகவே வழங்கும் உரிமையைத் தேசியச் சங்கம் 1950களின் நடுப்பகுதியில் அளித்தது. மறைவாக நடந்தது வெளிச்சத்துக்கு வந்தது என்ற மட்டில் அது நேர்மையே. ஆனால் அன்றுமுதல் ஆட்டம் மாணவனின் ஓய்வுநேரத்துக்கு உரியதாக அன்றி, அவன் கல்விக்குக் கொடுக்கும் விலையாக மாறிற்று. விலை கொடுப்பவனுக்கு நேரத்தைச் சுருக்கிக்கொள்ளும் சுதந்திரம் ஏது? 1991 இல், போட்டிக் காலத்திலே வாரமொன்றுக்கு இருபது மணி நேரத்துக்குமேல் பயிற்சி கட்டாயமாகாது என்று அச்சங்கம் விதிக்க நேர்ந்தது. விதித்ததிலிருந்தே அதற்கு முந்திய நிலை ஊகிக்கத்தக்கது. பயணமும் தானாக விரும்பிச் செய்வதாகக் கூறப்படும் பயிற்சியும் இருபதிற் சேரா. 2025 ஜூனிலே அமெரிக்க நீதிமன்றம் ஒன்று அங்கீகரித்த இணக்கத்தின்படி, பல்கலைக்கழகங்கள் தம் ஆட்டக்காரருக்கு நேரடியாகவே பணம் வழங்கலாம் என்றாயிற்று. கார்ணகி அறிக்கை குற்றமெனக் கண்டது, ஒரு நூற்றாண்டு நிறையுமுன் ஒப்பந்தமாயிற்று.

சிக்காகோவிலே ஆட்டம் மீண்டும் தலைகாட்டியது 1963 இல். உடற்பயிற்சி வகுப்பொன்றின் பெயரால் அயற் கல்லூரியுடன் நடக்கவிருந்த ஆட்டத்தைத் தடுக்க, மாணவரே ஆடிடத்தின் நடுவில் அமர்ந்து மறியல் செய்தனர். பழைய பேய் திரும்பிவிடும் என்ற அச்சம் அவர்களுக்கு. அது திரும்பவில்லை. 1969 இல் முறையான அணி அமைந்தபோது எண்பதினாயிரம் பேரைக் கூட்டும் எண்ணம் எவருக்கும் இருக்கவில்லை. தேசியச் சங்கத்தின் மூன்றாம் பிரிவிலே ஆடும் அவ்வணியினருக்கு ஆட்டத்துக்கென எப்பரிசிலும் இல்லை. பரீட்சையை ஏனையோர் எழுதுமாறே அவர்களும் எழுதுவர். ஹச்சின்ஸ் முற்றாக அழித்தொழிக்க வேண்டியதில்லை என்பதற்கு இச்சிறிய அணியே விடையாயிற்று. நுழைவுக் கட்டணமே நோயின் மூலம் என்று அவர் கூறியது சரியே என்பதற்கும் அதுவே விடை.

பழைய அரங்கின் மேற்கு மேடை 1957 இல் இடிக்கப்பட்டது. அணுச்சக்தி நிகழ்ச்சியை நினைவூட்ட ஹென்றி மூர் செதுக்கிய வெண்கலச் சிலை அங்கே 1967 இல் நாட்டப்பட்டது. எஞ்சிய நிலத்திலே பல்கலைக்கழகத்தின் பெரிய நூலகம் எழுந்து 1970 இல் திறக்கப்பட்டது. புதிய ஆடிடம் சில வீதிகள் தள்ளி அமைந்து, ஸ்ராக்கின் பெயரைத் தாங்கி நிற்கிறது. பேர்வாங்கரின் வெண்கலச் சிலையோ அவருடைய அத்தையார் வீட்டிலே நெடுங்காலம் கதவு அடியாதபடி முட்டுக்கொடுக்கப் பயன்பட்டது. பின்னர் பல்கலைக்கழகத்துக்கு வந்து, அதன் உடற்பயிற்சி நிலையத்திலே காட்சிக்கு வைக்கப்பட்டுள்ளது.